தரை டிக்கெட் அபிப்பிராயங்கள்

படம் எப்படி என்று கேட்டால் எங்கள் ஊரில் மூன்று பதில்கள்தான் புழக்கத்தில் இருந்தன. "பாக்கலாம்" என்றால் காவியம். "ஒரு தடவ பாக்கலாம்" என்றால் கைக்காசு போட்டுப் போக வேண்டாம், மாமனோ மச்சானோ கூட்டிக்கொண்டு போனால் போகலாம். "பொழுது போச்சு" என்றால் சொல்கிறவர் இடைவேளைக்குப் பின் மணலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார் என்று அர்த்தம். மழை பெய்ததைப் பற்றியே இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத கரிசல்காட்டு ஜனங்கள், சினிமாவுக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தயாராக இல்லை. இன்றைக்கோ வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதல் பாதி எப்படி, பின்னணி இசை எப்படி, நாயகனின் தாடி எப்படி என்று என் கைப்பேசிக்குள் பத்துப் பேர் வந்து நின்று சொல்கிறார்கள்; பொழுது சாய்வதற்குள் ஐந்துக்கு இரண்டே முக்கால் நட்சத்திரம் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

இந்தப் பின்னக் கணக்கு புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1977-ல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. முப்பத்தைந்து வாங்கிக் கரையேறுவதையே சாதனையாக நினைத்திருந்த எங்களுக்கு அது மலைப்பாக இருந்தது. சலூன் பெஞ்சில் முறை வருவதற்காகக் காத்திருந்த நாங்கள், மீதி 37.5 மார்க்கை பாரதிராஜா எந்த இடத்தில் கோட்டை விட்டிருப்பார் என்று பல நாள் விவாதித்தோம். சப்பாணியின் நடையிலா, மயிலின் புடவையிலா, பரட்டையின் சிரிப்பிலா என்று கட்சி பிரிந்தது. அப்போது எங்களில் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அது எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர இன்னும் வெகுகாலம் இருந்தது. பார்க்காத படத்தைப் பற்றி அடித்துப் பேசுவதை இந்தத் தலைமுறை கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும்.

ஊர், விளாத்திகுளத்துக்கும் கடலுக்கும் நடுவில். ஒரு படம் சென்னையில் வெளியாகி, மதுரையில் ஓடி, கோவில்பட்டியில் தேய்ந்து, எங்கள் கொட்டகைக்கு வரும்போது பிரிண்டில் கீறல் விழாத இடமே இருக்காது. எல்லாக் காட்சியிலும் மழை பெய்யும், பாலைவனத்திலும் பெய்யும். மழைக்கு ஏங்கிய பூமி என்பதால் நாங்கள் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தரை டிக்கெட் வாங்கி உள்ளே ஓடி, மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் "ஏலே, தலையக் கழத்தி வைல" என்பார். மேட்டைக் கலைப்பதுபோல் கையை அசைத்துவிட்டு, சீர்காழியின் குரலில் பிள்ளையார் பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் மறுபடி கூட்டிக்கொள்வோம். திரையில் முதலில் 'புகை பிடிக்காதீர்' என்று சிலைடு விழும். அந்தச் சிலைடின் வெளிச்சமே பீடிப்புகையைக் கிழித்துக்கொண்டுதான் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது குளிரூட்டிய அரங்கில் ஒரு பொட்டுப் புகை கிடையாது. திரைக்குள் வில்லன் சிகரெட்டைத் தொட்டால் மட்டும் மூலையில் எச்சரிக்கை எழுத்து முளைக்கிறது. 2012-க்குப் பிறகு இந்த எழுத்துக்கு நாம் பழகிவிட்டோம். நல்ல மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தத் திகில் காட்சியிலும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது; கொலைகாரன் வந்துவிட்டானா என்று பார்ப்பதற்கு முன் பற்றவைத்துவிட்டானா என்று பார்க்கிறேன்.

பன்னிரண்டு வயதில் என்னிடம் ஒரே ஒரு விமர்சன அளவுகோல்தான் இருந்தது. சண்டை. அதிகச் சண்டை இருந்தால் நல்ல படம், குறைந்தால் சுமார், சண்டையே இல்லாவிட்டால் அதை எதற்கு எடுத்தார்கள் என்று உண்மையாகவே புரியாது. 'அடிமைப் பெண்' படத்தில் அசோகனுக்கு ஒரு கால் இல்லையென்று எம்.ஜி.ஆரும் தன் காலை மடித்துக் கட்டிக்கொண்டு வலைமேல் நின்று ஒற்றைக் காலில் சண்டை போடுவாரே, அதுதான் மனிதகுலம் எட்டிய உச்சம் என்று நம்பியிருந்தேன். அதற்குப் பிறகு சிங்கத்தோடு வேறு சண்டை. சிவாஜி படம் என்றால் முகம் சுண்டிவிடும். சண்டை குறைவு, அழுகை கூடுதல். 'பாசமலர்' ஓடும்போது சோகப் பாட்டு வருகிற இடமெல்லாம் ஒன்றுக்குப் போகும் சாக்கில் வெளியே வந்து, கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்கும். அதில் அம்மாவுடையதை மட்டும் தனியாக அடையாளம் தெரியும். அம்மாவின் அளவுகோல் எனக்கு நேர் எதிர். "காசு குடுத்துப் போயிட்டு அழாம வர்றதுக்கு வீட்டுலயே கெடக்கலாம்ல" என்பாள். அழுது தீர்த்துவிட்டு நடுநிசியில் வீடு வந்து, அத்தனை தெம்பாக அடுப்பைப் பற்றவைத்து மிச்சக் குழம்பைச் சுட வைப்பாள். நானும் சிவாஜி பக்கம் சாய்ந்தேன், ஆனால் அதற்கு எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. இப்போது 'தில்லானா மோகனாம்பாள்' தொலைக்காட்சியில் ஓடினால், நாகஸ்வரத்தில் அவர் கன்னம் உப்புகிற அழகைப் பார்ப்பதற்காகவே சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறேன்.

எங்கள் ஊரில் படத்தை உண்மையில் முடிவு செய்தவர் இயக்குநர் அல்ல, ஆப்பரேட்டர். இரண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு என்றாலோ, அவருக்கே தூக்கம் வந்தாலோ, பாட்டு ரீலை எடுத்து வைத்துவிடுவார். பாட்டோடு சேர்ந்து கல்யாணமும் போய்விட, கதாநாயகிக்குத் தாலி ஏறாமலே குழந்தை பிறந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'இந்தக் காலத்துப் படம்' என்று காறித் துப்பியதில் பாதிப் பழி அந்த ஆப்பரேட்டரைச் சேர வேண்டியது. அந்தக் கலை அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 2024-ல் 'மெய்யழகன்' வந்தது. ஊரைவிட்டுப் போனவன் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வந்து, பேர் தெரியாத உறவுக்காரன் ஒருவனோடு ஒரு ராத்திரி பேசிக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான் கதை. நீளம், நீளம் என்று முதல் வாரத்திலேயே எல்லோரும் அபிப்பிராயம் சொல்ல, அரங்கில் ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து பதினெட்டு நிமிடங்களை எடுத்துவிட்டார்கள். பேச்சுதான் படம் என்றிருக்கையில் பேச்சைக் குறைத்தால் எப்படி? எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அவர்கள் இன்னும் தூங்கப் போகவில்லையே என்கிற நிம்மதிதான். கொட்டகைக்கு ஓர் ஆப்பரேட்டர் இருந்த காலம் போய், டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் ஆப்பரேட்டர் ஆகிவிட்டோம்.

கதை தெரிந்துவிட்டால் படம் கெட்டுவிடும் என்பது இன்னொரு புதுக் கவலை. என் மகள் ஒரு தொடரைப் பார்த்து முடிக்கும்வரை வீட்டில் நான் வாயைத் திறக்கக் கூடாது, ஸ்பாய்லராம். நாங்களோ கதையை முழுக்கத் தெரிந்துகொண்டுதான் படத்துக்கே போனோம். கல்யாண வீட்டுக் கம்பத்தில் குழாய் கட்டினால் முதலில் 'திருவிளையாடல்' கதை வசனம்தான். தருமியின் புலம்பலை நாகேஷின் மூச்சு வாங்கும் இடம்வரை ஒப்பிக்கத் தெரிந்த பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களில் பலருக்கு நாகேஷின் முகம் அப்போது தெரியாது. 1984-ல் 'விதி' வந்தபோது அதன் நீதிமன்றக் காட்சிகள் கேசட்டாகி டீக்கடைதோறும் ஒலித்தன. சுஜாதா குறுக்கு விசாரணையைத் தொடங்கினால் டீ ஆற்றும் கை நின்றுவிடும். தீர்ப்பு என்னவென்று தெரிந்த வழக்குக்குத்தான் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரையில் சுஜாதா வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னாலேயே வசனத்தைச் சொல்லி முடித்து, தாங்களே வாதாடி ஜெயித்த களைப்போடு வீடு திரும்பினார்கள். ஸ்பாய்லருக்காக என் வாயைக் கட்டிய அதே மகள், 2024-ல் 'கில்லி' மறுபடி வெளியானபோது தோழிகளோடு முதல் நாளே போய்விட்டு, தொண்டை கட்டிப்போய் வந்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய படம். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். "கதை தெரியுமேம்மா, பின்னே என்ன?" என்று கேட்டேன். "அப்பா, அது வேற" என்றாள். அது வேறு இல்லை என்பதை எப்படி அவளுக்குச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன பிறகு எனக்கு ரசனை வந்துவிட்டது. அது வந்த விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்புதான். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தேன். அவர் படத்தில் மனிதர்கள் குறைவாகப் பேசுகிறார்கள் என்பதால் ரசிகனும் அப்படி இருப்பதுதான் முறை என்று எண்ணம். சட்டைக்கு மேல் பட்டனைப் போடாமல் விடுவது, 'ஃபிரேம்' என்று சொல்லும்போது இரண்டு கை விரல்களாலும் சதுரம் கட்டிக் காட்டுவது, யாராவது நல்ல படம் என்று ஒன்றைச் சொன்னால் "அது கமர்ஷியல்" என்று கண்ணை மூடிக்கொள்வது. சண்டை இருந்தால் நல்ல படம் என்ற பையன், சண்டை இருந்தால் படமே இல்லை என்கிற வாலிபனாக மாறியிருந்தான். இரண்டு பேரும் சண்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

அந்த நாளில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம், காது கேளாதோருக்கான செய்திக்குப் பிறகு, விருது வாங்கிய மாநில மொழிப் படம் ஒன்றைப் போடும். ஆங்கில அகர வரிசையில் அசாமியில் தொடங்கி வங்காளி, குஜராத்தி என்று நகர்ந்து தமிழுக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். நான் குடியிருந்த வீட்டு ஆச்சியிடம்தான் டிவி இருந்தது. ஒரு மதியம் 'பதேர் பாஞ்சாலி'. நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நியோ ரியலிசம், இயற்கை ஒளி என்றெல்லாம் குறிப்பெடுக்கத் திட்டம். ஆச்சி பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வங்காளியும் தெரியாது, கீழே ஓடும் இங்கிலீசும் தெரியாது. சர்பஜயா அந்தக் கூன் விழுந்த கிழவியை விரட்டுகிற இடம் வந்ததும் ஆச்சி கீரையைக் கீழே போட்டாள். "அடி பாவி மவளே, கெழவிக்கு ஒரு வாய் போட்டா ஒம்பான கொறஞ்சா போயிரும்?" அதன்பின் படம் முடியும்வரை சர்பஜயாவோடு ஆச்சிக்கு ஒரே தகராறு, துர்கா மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தபோதுதான் சமாதானம் ஆனாள், "புருசனும் ஊருல இல்லாம அவ என்னதான் செய்வா" என்று. சத்யஜித் ராயைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இல்லாத எதையும் அவை பெரிதாகச் சொல்லிவிடவில்லை. என் குறிப்பு நோட்டில் அன்றைக்கு 'ரயில் — குறியீடு?' என்று மட்டும் எழுதியிருந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறு ராஜ்யம். சென்னை ஒளிபரப்பு சரியாக எட்டாத அந்தக் கடலோரத்தில் நீளக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பினால் ரூபவாஹினி துலக்கமாக விழும். சிங்களம் புரியாமலே நாடகம் பார்த்து, அந்த மாமியார் கெட்டவள் என்று ஊரே ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. விசேஷ வீடுகளில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம். மூன்று கேசட் வந்திருக்கும். ரஜினி, பாக்யராஜ், கடைசியில் ஒரு சாமி படம் என்பது எழுதாத சட்டம். மூன்றையும் பார்த்தேன் என்று மறுநாள் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சொல்லும் கதையில் ரஜினி ஜெயிலுக்குப் போய், பாக்யராஜ் அவர் பெண்டாட்டியிடம் முருங்கைக்காயோடு வந்து, கடைசியில் அம்மன் இருவரையும் காப்பாற்றியிருப்பாள். அந்தப் படத்தை யாராவது எடுத்திருந்தால் நன்றாக ஓடியிருக்கும்.

பிறகு மெகா தொடர்கள். 'சித்தி' முடிந்து 'மெட்டி ஒலி' வந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கூடவே என் ரசனைக்கும் கொஞ்சம் வயதாகியிருந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கஷ்டத்தை அம்மாவும் என் மனைவியும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் பேப்பரை விரித்துப் பிடித்தபடி, இதெல்லாம் மனிதன் பார்ப்பானா என்ற முகபாவத்தோடு வாசற்படியில் இருப்பேன். பேப்பரின் பக்கம் திரும்பாது. "அபி இன்னைக்கு ஆதிகிட்ட நல்லா கேட்டுட்டாளா?" என்று 'கோலங்கள்' நாளில் ஆபீஸிலிருந்து தாமதமாக வந்து நான் விசாரித்ததை மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். இத்தனைக்கும் அதே நான் 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு'க்கு மட்டும் பகிரங்க ரசிகன். அது கலை, மற்றது அழுகை என்று ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். குதிரைக் குளம்படிச் சத்தத்துக்குப் பயந்து, கொல்லைப்புற விளக்கைப் போட மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டதும் கலையின் பாற்பட்டதே.

அந்தத் தொடர்களில் நல்ல விஷயம் அவை தொடரும் போட்டதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அபி கதவைத் திறப்பாளா என்பது தெரிய ஒரு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை என்றால் திங்கள்வரை ஆகும். அந்த இடைவெளியில் குழாயடியில், பஸ்ஸில், ஆபீஸ் கேன்டீனில் அபிப்பிராயங்கள் விளையும். இப்போது எட்டு அத்தியாயத்தையும் ஒரே ராத்திரியில் விழுங்கிவிட்டு, விடிகாலையில் கண் எரிய எழுந்து, அதைப் பார்த்த வேறு ஆள் கிடைக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் துருக்கித் தொடர் பார்க்கிறார். எதிர் வீட்டில் கொரியா. நான் 'சுழல்' பார்த்தேன். பெண் எங்கே போனாள் என்ற துப்பறிதலைவிட, கூடவே நடக்கிற மயானக் கொள்ளைத் திருவிழாதான் எனக்குள் நின்றது. குற்றவாளி யாரென்று இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். மகளின் வற்புறுத்தலில் 'ஸ்க்விட் கேம்' பார்த்தேன். ரத்தம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கோலி விளையாடுகிற அத்தியாயத்தில் அந்தக் கிழவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோலியில் ஏமாற்றுவதற்கு மொழி கிடையாது. எங்கள் தெருவில் தோற்றவன் முட்டியைத் தரையில் வைக்க வேண்டும், ஜெயித்தவன் கோலியால் அடிப்பான். கொரியாக்காரர்கள் தண்டனையைச் சற்றுக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டையும் பார்த்தது ஒரு விதிவிலக்கு. மற்ற நாட்களில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து என்ன பார்க்கலாம் என்று படங்களைத் தள்ளிக்கொண்டே போவேன். முன்னோட்டம் பார்ப்பேன், அடுத்ததற்குப் போவேன், ரசம் சாதம் ஆறிவிடும், மோர் சாதத்துக்கு வரும்போது ஏற்கெனவே பார்த்த வடிவேலு காட்சியில் போய் நிற்பேன். கொட்டகையில் எந்தப் படம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. மாட்டு வண்டியில் தட்டியைக் கட்டி, தமுக்கு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசுவார்கள். வந்த படத்தைப் பார்த்தோம். பிடிக்காவிட்டால் மணலில் படுத்தோம். மகள் இன்னும் ஒரு படி போய்விட்டாள். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்க்கிறாள். 'முள்ளும் மலரும்' படத்தையே அப்படி ஓட்டிப் பார்த்தாள். மகேந்திரன் அத்தனை பாடுபட்டு உண்டாக்கிய மௌனமெல்லாம் அவசரமாகக் கடந்துபோயின. முடிந்ததும் "நல்லா இருக்குப்பா" என்றாள். இரண்டு மடங்கில் வைத்திருந்தால் இன்னும் பிடித்திருக்குமோ என்னவோ.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். பேத்தி அவளுக்குக் கைப்பேசியில் யூடியூப் போட்டுக் கொடுத்து, தலையணையில் சாய்த்து வைத்துவிடுவாள். முக்கால்வாசி நாள் சிவாஜி படம்தான். படம் நடுவில் நின்று சோப்பு விளம்பரமோ சூதாட்ட விளம்பரமோ வந்தால் அம்மா உடனே எழுந்து, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு, நிதானமாக வந்து உட்காருகிறாள். எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு யூடியூபில் ஒரு புதுமையும் தெரியவில்லை. ஒரே ஒரு புகார்தான்.

"முறுக்குக்காரன் வர நேரம் விட மாட்டேங்கானே" என்கிறாள்.